ஒலி குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்ட போன்

தொலைந்துபோன பொருள் எங்கோ ஓரிடத்தில் இருந்துகொண்டிருக்கிறது என்றொரு நம்பிக்கை, படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல், நெடுங்காலமாக மனித குலத்தை ஆட்டிப்படைத்து வருகிறது. பீரோவுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவுவதும், நேற்றுப் போட்டிருந்த சட்டைப் பையை மறுபடி மறுபடி தடவிப் பார்ப்பதும், வீட்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராகச் சந்தேகிப்பதும் இந்த ஒரே பிழையிலிருந்து கிளைத்த பழக்கங்கள்தான். இதை இனியும் திருத்தாமல் விட்டுவைப்பது நல்லதல்ல. கையில் இருக்கும் பொருளுக்குத்தான் இடம் என்று ஒன்று உண்டு. தொலைந்த பொருளுக்கு இடம் கிடையாது, பரப்புதான் உண்டு. மேசை மேல் இருக்கும் சாவி மேசை மேல் மட்டும் இருக்கிறது. தொலைந்த கணத்திலிருந்து அது கட்டிலுக்கு அடியிலும் இருக்கிறது, ஸ்கூட்டர் டிக்கியிலும் இருக்கிறது, மைத்துனர் வீட்டு ஜன்னல் கட்டையிலும் இருக்கிறது, யாராவது கண்டெடுத்து அதன் பரவலுக்கு முடிவு கட்டும்வரை விரிந்துகொண்டே போகிறது. தனி ஆள் தொலைத்த பொருள் ஒரு வீட்டளவுக்குப் பரவும். ஒரு கூரியர் ஆபீசும் ஒரு கிடங்கும் ஒரு கம்பெனியும் சேர்ந்து, பொறுப்பைச் சமமாகப் பங்குபோட்டுக்கொண்டு, முறைப்படி தொலைத்த பொருள் எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு இதுவரை ஒரே ஒரு சான்றுதான் கிடைத்திருக்கிறது. அது, காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் இருக்கும் கருக்கம்பாளையத்து மைக்செட் நாச்சிமுத்துவின் போன்.

நாச்சிமுத்து 'கொங்குநாதம் சவுண்ட் சர்வீஸ்' உரிமையாளர். சுற்றுவட்டாரத்தில் நடக்கும் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், நோம்பி என்று ஊர் சொல்லும் கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகளும் ஒலிபெருக்கிக் குழாய்களும்தான் போய்க்கொண்டிருந்தன. தென்னை மரங்களில் வரிசையாகக் கட்டிய குழாய்களில் எது லேசாகக் கிழிந்திருக்கிறது என்பதை பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே சொல்லக்கூடிய காது அவருக்கு என்று ஊரில் பேச்சு; அந்தப் பேச்சைப் பாதிக்கு மேல் பரப்பியவரும் அவரே. கூடவே தமிழ் இலக்கணத்தின் மீது தீராத பற்று. மேடையில் பேசுகிறவர் ஒருமை பன்மை மயங்கிவிட்டால், அந்தச் சொல் வரும் இடத்தில் மட்டும் சத்தத்தைச் சட்டென்று குறைத்துவிடுவார். இதனால் அந்த வட்டாரத்தில் பல தலைவர்களின் வீர உரைகள் மக்களைச் சல்லடைக்கண் வழியாகத்தான் சென்றடைந்தன. இவ்வளவு இருந்தும் நாச்சிமுத்துவுக்குத் தன் மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. கண்ணாடியைப் பார்த்து மீசைக்குச் சாயம் பூசும்போதெல்லாம், இந்த ஆளை நம்பி யார் வீட்டுக் கல்யாணத்தை ஒப்படைக்கிறார்களோ என்று அவரே ஆச்சரியப்படுவார். ஊருக்கு அது தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய முழுநேர வேலை.

அந்த வேலைக்குப் போன பங்குனியில் ஒரு சிக்கல் வந்தது. ஒரு கல்யாணத்தில், தாலி கட்டும் நேரம், மைக் கீச்சென்று கூவத் தொடங்க, பந்தலில் இருந்த மொத்தக் கூட்டமும் காதைப் பொத்திக்கொண்டது. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் நாச்சிமுத்து மட்டும் மங்களகரமாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். ஐயர் காதிலும் கை இருப்பதைக் கண்ட பிறகுதான் அவருக்குச் சங்கதி விளங்கியது. குழாய் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஈரோட்டுக்குப் போய் ஒரு காது டாக்டரைப் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நாச்சிமுத்து வெளியே நின்ற நர்சின் புருவத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்கினார். அப்படியும், வலது காது ஏறக்குறைய போய்விட்டது, இடது அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறது, மெஷின் வைத்துக்கொள்வது நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உங்க ஆம்ப்ளிஃபயர்ல கோளாறுங். டிரெபிள் வெக்கவே இல்லியே," என்றார் நாச்சிமுத்து, கண்டிப்பான குரலில்.

வீட்டுக்கு வந்து பூங்கோதையிடம் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரிந்தால் மனைவியின் தங்கைக்குத் தெரியும், பிறகு நோம்பிக் கமிட்டிக்குத் தெரியும். காது கேட்காதவனுக்கு மைக்செட் கான்ட்ராக்ட் கொடுக்கிற ஊர் எந்த நாட்டில் இருக்கிறது? மாரியம்மன் நோம்பி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அவர் இதைத் தமக்குள் வைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னது சரியா என்று வேறொரு இடத்தில் சோதித்துப் பார்க்க முடிவு செய்து, ஆன்லைனில் பதினெட்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு போன் வாங்கினார். பழைய போனில் சத்தம் குறைவு என்பது அவருடைய வாதம். புதுப் போனிலும் குறைவாக இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

வந்த அன்றே உற்சாகமாக அதில் தன் நாளுக்கு வேண்டிய நினைவூட்டல்களைத் தன் குரலிலேயே பதிவு செய்தார். எந்த மைக்கைக் கண்டாலும் வரும் கல்யாணக் குரல் அந்தச் சின்னப் போனைக் கண்டும் வந்துவிட்டது. விடியற்காலைக்கு, "அன்பார்ந்த நாச்சிமுத்து அவர்களே, தாங்கள் எழுந்திருக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." காலைச் சாப்பாட்டுக்குப் பின், "பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டீர்களா? விழுங்கியதாக நினைத்துக்கொள்வது விழுங்கியது ஆகாது." மதியத்துக்கு, "இன்றைக்காவது சாப்பிடும்போது யாருடைய தமிழையும் திருத்த வேண்டாம்." ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், "மீசை வெளுத்திருப்பது பின்வரிசை வரைக்கும் தெரிகிறது." கடைசியாக, விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒன்று. அதைப் பதியும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டார். "பூங்கோதையிடம் சொல்லிவிடுங்கள். இன்றும் தள்ளிப்போட வேண்டாம்."

மறுநாள் எல்லா நினைவூட்டல்களும் வேளை தவறாமல் ஒலித்தன; அவருக்கு எதுவும் கேட்கவில்லை. போனில் கோளாறு என்று தீர்ப்பெழுதி, திருப்பி அனுப்பும் காரணம் கேட்ட இடத்தில் 'ஒலி குறைவு' என்பதைத் தேர்ந்தெடுத்து, துடைத்துப் பெட்டியில் வைத்து, வந்த கூரியர்காரரிடம் கொடுத்தனுப்பினார். சிம்மைக் கழற்றியவர் குரலைக் கழற்ற மறந்துவிட்டார்.

பணம் உடனே திரும்பி வந்தது. சில வாரம் கழித்து, வந்த வழியே போயும்விட்டது. போன் பல்லடத்துக் கிடங்குக்கு வந்து சேரவில்லையாம். அதனால் அவருடைய கார்டில் அந்தத் தொகை மறுபடி பிடிக்கப்பட்டதாம். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இடது காதோடு அழுத்திக்கொண்டு நாச்சிமுத்து கத்தத் தொடங்கினார்.

"கூரியர்காரரு எங்கூட்டுக்கே வந்து வாங்கிட்டுப் போனாருங்களே!"

"ஆமா சார். எடுத்ததுக்கு ரெக்கார்டு இருக்கு சார். வந்ததுக்குத்தான் இல்ல."

"அப்ப நடுவுல எங்கீங் இருக்குது?"

"டிரான்சிட்ல இருக்கு சார்."

"காங்கயத்துல இருந்து பல்லடத்துக்கு முட்டி போட்டுட்டுப் போனாக்கூட இந்நேரம் போயிருக்கலாமுங்."

"சிரமத்துக்கு வருந்துறோம் சார்."

"யாரு வருந்தறது? அந்த வாக்கியத்துல எழுவாயவே காணமே. அதுவும் டிரான்சிட்ல இருக்குதா?"

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்றது அந்தக் குரல், இளகிய மனதோடு.

கம்பெனியின் கணக்கில் அந்தப் போன் முழுமையாகவும் இறுதியாகவும் தொலைந்தது அன்றைக்குத்தான். மறுநாள் விடியற்காலை, கருக்கம்பாளையத்தின் எல்லா வீடுகளிலும், எல்லா மாட்டுக் கொட்டகைகளிலும், ஆற்றோரத் தோப்பிலும், பவர்லூம் கொட்டாய்களில் தறிச் சத்தத்துக்கு மேலேயும், ஒரே அளவில், ஒரே தெளிவில், அன்பார்ந்த நாச்சிமுத்து அவர்கள் எழுந்திருக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டார். மேலிருந்தும் வரவில்லை, பக்கத்திலிருந்தும் வரவில்லை. அவரவர் வாசற்படியில் நின்று அவரவரைக் கூப்பிடுவது போல் வந்தது. ஊரே எழுந்திருந்தது. நாச்சிமுத்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஊர் இதைக் கண்டு திகைக்கவில்லை. மைக்செட்காரர் நோம்பிக்காகப் புதுக் குழாய் கட்டி வெள்ளோட்டம் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆட்கள் சிலர் தென்னை மரங்களில் ஏறிப் பார்த்துவிட்டு, குழாய் எதுவும் இல்லை என்று இறங்கி வந்து, வந்ததுதான் வந்தோம் என்று நாலு இளநீரும் வெட்டிப் போட்டார்கள். வழியில் பார்த்தவர்களெல்லாம், "செட்டுன்னா இதுங் செட்டு, கெணத்துக்குள்ள எறங்குனாலும் அதே சத்தமுங்," என்று பாராட்டியபோது, எந்தச் சத்தத்தையும் கேட்காத நாச்சிமுத்து, தன் காதைப் பற்றி ஊருக்குத் தெரிந்துவிட்டது, கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, நன்றி தெரிவித்துவிட்டு வேகமாக நடந்தார்.

பிறகு ஊர் அந்தக் குரலைப் பயன்படுத்திக்கொள்ளத் தொடங்கியது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் யார் திறந்துவிட்டது என்றா விசாரிப்பார்கள், பாத்திகட்டத்தானே போவார்கள். விடியற்காலைக் குரலுக்கு மாடு பால் சுரந்தது. குரலுக்கு முன்னால் மடியில் கை வைத்தால் உதைத்தது. காலைக் குரலுக்கு ஊரில் பிரஷர் உள்ளவர்கள் எல்லாரும் மாத்திரை போட்டார்கள். இல்லாத சிலரும், இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறாரே என்று எதையாவது எடுத்து விழுங்கினார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா, யாருக்குமே பிரஷர் ஏறாததைக் கண்டு, தன் கருவியில்தான் கோளாறு என்று புதுக் கருவி கேட்டு எழுதிப் போட்டார். மதியக் குரலுக்கு மாமியார்கள் மருமகள்களின் ரசத்தைப் பற்றிச் சொல்ல வந்ததைச் சொல்லாமல் ரசத்தோடு சேர்த்து விழுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் சலூனில் இடம் கிடைக்கவில்லை. மீசையே இல்லாத ஒரு ரிடையர்ட் ஹெட்மாஸ்டர்கூட வரிசையில் நின்றார். ஆனால் விளக்கு வைக்கும் நேரத்துக் குரல்தான் ஊரைப் புரட்டிப் போட்டது. பூங்கோதையிடம் சொல்லிவிடுங்கள் என்று அது சொன்னதும், பூங்கோதை என்ற பெயரில் யாரையும் அறியாத ஆண்களும் தங்கள் மனைவியின் கண்ணில் படாமல் கொல்லைப்புறம் போனார்கள். முதல் வாரம் அதையும் இதையும் பேசிச் சமாளித்தார்கள். இரண்டாவது வாரம் ஒருவர் தன் மனைவியைப் பம்ப்செட் பக்கம் கூட்டிப் போய், அவளுடைய ஆரம் பீரோவில் இல்லை, அடகுக் கடையில் இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் மில் வேலை போய் நாளாகிறது, தினமும் டிபன் பாக்சோடு பார்க்கில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றார். தெருவுக்குத் தெரு அழுகையும் சண்டையும் பாத்திரம் உருளும் சத்தமும் கேட்டு, அடங்கி, பல வருடங்களுக்குப் பிறகு புருஷன் பெண்டாட்டி சிரித்துப் பேசும் சத்தம் ஜன்னல்கள் வழியாகத் தெருவுக்கு வந்தது.

எதுவும் நடக்காத ஒரே வீடு பூங்கோதையின் வீடுதான். தினமும் அந்தக் குரல் ஓய்ந்ததும், அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, புருஷன் எதிரில் உட்காருவாள். நாச்சிமுத்து வயர் சுற்றிக்கொண்டிருப்பார்.

"என்ன?" என்பார்.

"ஒண்ணுமில்லீங்," என்று இன்னும் சற்று நேரம் இருந்து பார்த்துவிட்டு எழுந்து போவாள். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறாளே, கால் வலிக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். தைலம்கூட வாங்கி வந்து வைத்தார்.

விஷயம் அவருக்கு விளங்கியது பொங்கியண்ணனின் பேக்கரியில். பொங்கியண்ணன் அவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர், முறைக்கு மச்சான், நோம்பிக் கமிட்டிக்குப் பொருளாளர். டீயை நீட்டியபடி முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டார்.

"ஏன் மாப்ள, நேத்தாச்சும் சொல்லிப்போட்டியா இல்லியா?"

"என்னத்த?"

"பூங்கோதகிட்டத்தான். ஊரே காதுல வெளக்கெண்ண ஊத்திட்டு உக்காந்திருக்குது, நீ என்னமோ 'என்னத்த'ங்கற? தெனமும் 'இன்றும் தள்ளிப்போட வேண்டாம்'னு சொல்றது நீதான? வெளிய எங்காச்சும் தொடுப்பா? எங்கிட்ட மட்டும் சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டன்." டீ குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் யாரிடமும் சொல்லாமல் இருப்பதற்காக நெருங்கி வந்தார்கள்.

நாச்சிமுத்து டம்ளரைக் கீழே வைத்தார். அந்த வாக்கியம் சாத்திய கதவுக்குப் பின்னால், இந்த உலகத்தில் ஒரே ஒரு போனுக்கு மட்டும் சொன்னது. அப்படியென்றால் ஊர் கேலி செய்யவில்லை. குரல் உண்மையாகவே இருக்கிறது. தறிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிறது. தொலைந்த போன் ஊர் முழுக்கப் பரவி, அவருடைய குரலிலேயே அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. கேட்காத ஒரே ஆள் அவர். முப்பது வருஷமாக ஊருக்கே சத்தம் கொடுத்தவனுக்கு அமைந்த மரியாதையைப் பார், என்று தன்னைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "அது மார்க்கெட்ல விக்கிற ஏதோ ரெக்கார்டு மச்சான், எங் கொரலு மாதிரி இருக்குது, அவ்வளவுதான்," என்றார்.

அன்றிலிருந்து கேட்பதுபோல் நடிக்கத் தொடங்கினார். எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தித் தலையைச் சாய்த்தால், இவரும் தலையைச் சாய்த்து, "இன்னிக்கு பாஸ் கொஞ்சம் எச்சா இருக்குது," என்று தொழில் முறையில் கருத்துச் சொல்வார். ஒருமுறை கூட்டமாக எல்லாரும் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, "உச்சரிப்புச் சுத்தம் பத்தல," என்றார். அவர்கள் சூலூருக்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் பணத்துக்கான வழக்கை அவர் விடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று கம்பெனிக்கு எழுதினார். எழுத்தில் அவருக்குக் காது தேவைப்படவில்லை, வல்லினம் மிகும் இடங்களெல்லாம் மிக, நீள நீளமாக எழுதினார். அதற்குள் யாரோ ஊர்க் குரலைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். கம்பெனி அதைக் கேட்டது. கம்பெனியும் திகைக்கவில்லை. தன் விதிமுறைகளில் ஓர் உட்பிரிவைப் புதிதாகச் சேர்த்துவிட்டு, கள ஆய்வுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஜெசிந்தா என்ற பெண்ணை அனுப்பிவைத்தது.

அவள் வந்து இறங்கியது சாயங்காலம். கொங்குநாதம் கடை வாசலில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு, பொங்கியண்ணன் பன்னும் டீயும் கொண்டுவந்து வைத்தார். ஊரில் பாதிப் பேர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்திருந்தார்கள். நாச்சிமுத்து அவளுடைய உதட்டையே பார்த்தபடி எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு கேள்விதான் சார். புது விதியைப் படிக்கிறேன்," என்று கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். "தொலைந்த சாதனம் வாடிக்கையாளரின் செவிக்கு எட்டுமாறு ஒலித்தால், அது அவர் வசமே இருப்பதாகக் கருதப்படும். செவிக்கு எட்டவில்லை எனில், அது தொலைந்ததாகக் கருதப்பட்டு, கட்டணம் ரத்து செய்யப்படும்."

"'ஒலித்தால்'னு தொடங்கிட்டு 'எனில்'ங்கறது நல்லா இல்லீங். ரெண்டையும் ஒரே மாதிரி முடிக்கோணும்," என்றார் நாச்சிமுத்து.

"மாப்ள, மொதல்ல காசு வருதான்னு பாரு. இலக்கணத்துக்கு அப்பறமா கேஸ் போட்டுக்கலாம்," என்றார் பொங்கியண்ணன். கூட்டம் சிரித்தது.

"இன்னும் ஒரு சந்தேகம் சார்," என்று ஜெசிந்தா திரையைத் தள்ளினாள். "திருப்பி அனுப்பின காரணம் ஒலி குறைவுன்னு போட்டிருக்கீங்க. மதியம் வேற வேலையா இந்த வழியா பஸ்ல போகும்போதே, ஊருக்கு வெளியிலயே, யாருடைய தமிழையும் திருத்த வேண்டாம்னு கேட்டுச்சு சார்."

நாச்சிமுத்து முந்தின நாளே முடிவு செய்துவைத்திருந்தார். கேட்கிறது என்று சொல்லிவிடுவது. பதினெட்டாயிரம் போனால் போகிறது, நோம்பி கான்ட்ராக்ட் நிற்கும், காது நிற்கும். அதாவது காது இருக்கிறது என்ற பேர் நிற்கும், ஒரு மைக்செட்காரனுக்கு அது போதும். விளக்கு வைக்கும் நேரம் ஆயிற்று. ஜெசிந்தாவின் விரல் டேப்லெட்டின் மேல் நின்றுவிட்டதைப் பார்த்தார். பொங்கியண்ணன் கடித்த பன்னை மெல்லாமல் நிற்பதைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் தராசைத் தொங்கவிட்டபடி நின்றார், தெருவில் போன சைக்கிள் கால் ஊன்றி நின்றது. தன்னுடைய குரல் இப்போது தன்னைச் சுற்றி நின்றுகொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

அப்போது பூங்கோதை வீட்டுக்குள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருப்பதைப் பொருட்படுத்தாமல், வாசலில் கிடந்த காலி ஸ்பீக்கர் பெட்டியின் மேல், அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். கால் வலி இல்லை என்று நாச்சிமுத்துவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தைலம் வாங்கி வந்த முட்டாளே, என்று சொல்லிக்கொண்டார். முந்தானை நுனியை அவள் இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு மாதமாகத் தினமும் இந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்து, எதுவோ தலையில் விழப்போகிறது என்று காத்திருந்து, அது விழாமலே எழுந்து போயிருக்கிறாள்.

"இப்ப வந்துச்சே சார், கேட்டுச்சா?" என்றாள் ஜெசிந்தா.

நாச்சிமுத்து அவள் பக்கம் திரும்பவில்லை.

"பூங்கோத, எனக்குக் காது கேக்கறதில்ல," என்றார். மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டார். தெருமுனை வரைக்கும் கேட்டது. கல்யாணக் குரல் வரவில்லை. வீட்டில் உப்பு கேட்கிற குரல்தான் வந்தது. "ஈரோட்டு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு. வலது பக்கம் போயே போச்சு. எடதும் போய்ட்டிருக்குது. அதைத்தான் உங்கிட்டச் சொல்லோணும்னு..."

பூங்கோதை எழுந்து, பக்கத்தில் வந்து, அவருடைய இடது காதருகே குனிந்தாள்.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"திண்டுக்கல் பக்கம் ரெண்டாவதா யாரும் இல்லீங்களா?"

"திண்டுக்கல்லுல எனக்கு யாரு இருக்கறா? பூட்டுக்கூட அங்க வாங்குனதில்ல."

"அட, உங்களுக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? கூட ஒரே கூரைக்குக் கீழதான இருக்கறன்! ரெண்டு வருஷமா உங்களத் திட்டறதெல்லாம் வலது பக்கம் நின்னுதான் திட்டிட்டிருக்கறன்," என்றாள் பூங்கோதை. சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. முறுக்கிய முந்தானையால் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "அந்த ரெண்டாங் குடும்பத்துக்கு எத்தன கொழந்தைங்கன்னு வரைக்கும் நெனச்சு வெச்சுட்டனுங். பேருகூட வெச்சுட்டன்."

"என்ன பேரு வெச்ச?" என்றார் பொங்கியண்ணன், ஆர்வம் தாங்காமல்.

"மூத்தவன் சண்முகமுங்ணா. படிப்பு வரல அவனுக்கு," என்றாள் பூங்கோதை, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

தெரு சிரித்து முடிக்கும்வரை ஜெசிந்தா காத்திருந்தாள். பிறகு அவர் கண்ணுக்கு நேராக வந்து நின்று, "கேட்கவில்லைன்னு எழுதிக்கறேன் சார். கட்டணம் ரத்து," என்றாள். "ஒலி குறைவுங்கற காரணத்த மாத்திடவா? காது சம்பந்தப்பட்ட காரணம்னு ஒண்ணு இதுல இல்ல. 'மனம் மாறியது'ன்னு போடலாம்."

"அப்படியே இருக்கட்டுமுங். எனக்கு அது குறைவாத்தான் இருந்துது," என்றார் நாச்சிமுத்து.

அவள் பஸ் ஏறிப் போனாள். கூட்டம் கலைந்தது. தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு கிளம்பிய பொங்கியண்ணனை நாச்சிமுத்து நிறுத்தினார்.

"மச்சான், நோம்பிக்கு மைக்செட்டு..."

"கமிட்டியில பேசிட்டுச் சொல்றோம் மாப்ள," என்றார் பொங்கியண்ணன், அவர் தோளைத் தட்டி. முப்பது வருஷமாகக் கமிட்டிகளுக்கு மைக் வைத்துக் கொடுத்தவர் நாச்சிமுத்து. பேசிட்டுச் சொல்வது என்றால் என்ன என்று காது இல்லாமலே அவருக்குக் கேட்டது.

நோம்பிக்கு வெள்ளக்கோவிலிலிருந்து செட் வந்தது. நாச்சிமுத்து ஈரோட்டில் மெஷின் வாங்கி மாட்டிக்கொண்டு, அதிலும் டிரெபிள் போதாது என்று டாக்டருக்கு எழுதிப் போட்டார். விடியற்காலையில் ஊர் எழுந்திருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுவதும், காலையில் மாத்திரையும், மதியத்தில் ரசமும், ஞாயிற்றுக்கிழமை மீசையும் வழக்கம்போல் நடந்தன. இப்போது அவரும் எழுந்திருந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக் குரல் மட்டும், ஜெசிந்தா வந்து போன மறுநாளே நின்றுவிட்டது. அன்றைக்கு அந்த நேரத்துக்குப் பொங்கியண்ணன் பேக்கரியின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். வாசற்படியில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அவருடைய மனைவி வெளியே வந்து, "ஏனுங், இந்நேரத்துல?" என்று கேட்டாள். அந்தக் குரல் வந்தால் சொல்லிவிடலாம் என்று அவர் தெருவைப் பார்த்துக் காத்திருந்துவிட்டு, அது வராததால், "சில்லறை இருக்குதான்னு பாக்க வந்தன்," என்று சொல்லி, கடைக்குத் திரும்பிப் போய் ஷட்டரை முழுதாகத் தூக்கிவிட்டார்.